வெறும் வயிற்றில் ரத்தம்

காலையில் நடக்கப் போகிறேன் என்று என் கணவர் சொன்னதை நான் ஒருநாள்கூட நம்பியதில்லை. இப்போது அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரப்பாளையத்தில் குடியிருந்தோம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் பிள்ளைகளின் பாவாடை மடிப்பில் பிட்டு இருக்கிறதா என்று தேடிப் பழகிய கண். வீட்டுக்கு வந்த பிறகும் அது சும்மா இருக்காது.

அவருடைய அண்ணனுக்குக் கொட்டாம்பட்டியில் விவசாயம். நாற்பத்தைந்து வயதில் வரப்பில் நடந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், அவ்வளவுதான். மறு வருஷமே இவருக்கும் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுக்க வைத்து, பட்டினி போட்டு ரத்தம் எடுத்தார்கள். மாரடைப்பு இல்லை, ஆனால் ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம் என்றார் டாக்டர். தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், இறங்காவிட்டால் அண்ணன் கதைதான் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரே பயம்.

"அண்ணே நாளெல்லாம் வயக்காட்டுல நடந்தவருதான. அவரக் காப்பாத்தாத நடை என்னையக் காப்பாத்திருமாக்கும்" என்று பஸ்ஸில் வரும்போதே இவர் முணுமுணுத்தார். அப்படிச் சொன்ன மனுஷன் மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

வைகைக் கரையோரம் நடப்பதாகச் சொல்வார். போகிற வழியில் பஸ் ஸ்டாண்டு, அங்கே வரிசையாக வடைச் சட்டிகள். மோர்ச் சோறு போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஆபீஸ் பக்கத்துக் கடையில் மட்டன் சுக்கா சாப்பிட்டு என்னிடம் மாட்டிக்கொண்டவர்தான் இவர். அதனால் துவைக்கப் போடும் சாக்கில் சட்டையை மோந்து பார்ப்பேன். வேர்வை வாசம் அடித்தால், எங்கேயாவது வெயிலில் நின்றிருப்பார் என்று நினைப்பேன். அடிக்காவிட்டால் கேட்கவே வேண்டாம். ஷூவைத் திருப்பி ஆற்று மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒட்டியிருந்தாலும் மனசு ஆறாது. உட்கார்ந்து அரட்டை அடிக்கிற இடத்திலும் மணல்தானே.

ஒருநாள் எங்கள் தெருமுனை டீக்கடைக்காரரிடமே கேட்டுவிட்டேன்.

"சார் போறதப் பாப்பேன் டீச்சர். திரும்பி வாரதப் பாத்ததில்ல" என்றார்.

எனக்கு அது போதும். வேறு தெரு வழியாகத் திரும்பியிருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

மூன்று மாதம் முடிந்தது. முதல்நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல், வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் நான் இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றவே இல்லை. மாலையில் ரிப்போர்ட் வந்தது. கொழுப்பு பேருக்குத்தான் இறங்கியிருந்தது. அதில் ஒரு வகை முன்பைவிடக் கூடியிருந்தது.

டாக்டர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "நெசமாவே நடந்தீங்களா?"

"நடந்தேன் சார்."

"பொய் சொல்றார் டாக்டர்" என்றேன் நான்.

இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப் பித்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். ரத்தம் எடுத்த பெண் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு வேறு சந்தேகம்.

"அக்கா, காலையில சார் என்ன சாப்பிட்டாக?"

"ஒண்ணுமே சாப்பிடலம்மா. காப்பி மட்டுந்தான்."

"எம்புட்டு?"

"ரெண்டு டம்ளர். பசியோட போறாரேன்னு தண்ணி கலக்காத எருமப் பால்ல, சீனி கூடப் போட்டுக் குடுத்தேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிற எங்கள் வீட்டில் காப்பி எந்தக் காலத்திலும் சாப்பாட்டில் சேர்ந்ததில்லை. முருகனே ஒத்துக்கொண்ட காப்பியை ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வகைக் கொழுப்பு நடக்க நடக்க இறங்கும், ஆனால் பாலும் சீனியும் உள்ளே போனால் அப்போதைக்கு ஏறிக் காட்டும், இந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது என்றார் டாக்டர். மறுநாள் விடிந்ததும் இவர் வழக்கம்போல ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அடுத்த வாரம் மறுபடி எடுத்தோம். இந்த முறை தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கவில்லை. எல்லாமே இறங்கியிருந்தது. கூடியதாகக் காட்டிய வகைதான் அதிகமாக இறங்கியிருந்தது. டாக்டர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானோ, பாவி, வெளியே வந்ததும் ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் பிடித்து, பேர் சரியா, வயசு சரியா, வேறு யாருடையதாவது மாறி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் அதைப் பார்த்துவிட்டார். சட்டைக் கையைச் சுருட்டி, காலையில் ஒட்டிய பஞ்சு அப்படியே இருந்த முழங்கை மடிப்பை என் முன்னால் நீட்டினார்.

"இன்னொரு தடவ எடுக்கச் சொல்லட்டுமா? நீ நம்புற வரைக்கும் குடுக்குறேன்."

அவ்வளவு பேர் உட்கார்ந்திருந்த வராந்தாவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சிருங்க என்றேன். இவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். பஸ் ஸ்டாப்பு வரை ஓட்டமும் நடையுமாகப் போயும் என்னால் அவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை.