பூச்சாடி ஓட்டில் ஒரு பெயர்

போன ஞாயிறு லா சப்பலில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவில், மிளகாய்த்தூள் வாங்கினேன். தடித்த பிளாஸ்டிக் பை, மேலே தங்க நிற எழுத்து, கீழே பிரெஞ்சில் பொடியாக இரண்டு வரி. கடையில் நின்றபடியே மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. காசு வாங்கும் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஐம்பது தாண்டியும் யாராவது உற்றுப் பார்த்தால் எனக்குக் காது சூடாகிவிடும். பேசாமல் பையைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

எண்பதுகளில் இங்கே அகதியாக வந்த எங்களுக்கு மிளகாய்த்தூள் இப்படி வரவில்லை. ஊரிலிருந்து யாராவது வந்து சேர்ந்தால் அவருடைய பெட்டியின் அடியில் வரும். வறுத்து இடித்த தூளைப் பொலித்தீனில் கட்டி, மேலே கொப்பித் தாள்களைச் சுற்றி, அதற்கும் மேலே துணி வைத்துத் தைத்திருப்பார்கள். பொதியை அவிழ்த்தால் நாங்கள் இருந்த ஆறாம் மாடி முழுக்கத் தும்மும். ஒருமுறை வந்த பொதியில் சுற்றியிருந்தவை உயர்தர வகுப்புப் பிள்ளை ஒன்றின் பாடக் குறிப்புகள். ‘கிரேக்க நாகரிகம்’ என்று சிவப்பு மையில் எழுதிக் கீழே கோடிட்டிருந்தது. வட்டமான எழுத்து. பெண்பிள்ளையின் கை என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை பரீட்சை எழுதினாளா, அதற்கு முன்பே எல்லாவற்றையும் விட்டு ஓட வேண்டி வந்ததா, தெரியாது. கொப்பி மிளகாய்த்தூள் சுற்றப் போயிருக்கிறது என்றால் நல்லபடியாக யோசிக்க மனம் வருவதில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆனால் எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் விடமாட்டேன். தாள்களைத் தட்டி நீவி, சோற்றுக் கஞ்சியைப் பசையாக்கி அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அறையில் நாங்கள் ஒன்பது பேர். நான் வாய் திறக்காத ஆள் என்பதால் சமையலை என்னிடம் விட்டிருந்தார்கள். சட்டியோடு அதிகம் கதைக்கத் தேவையில்லை அல்லவா. பகலில் ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுவேன். வந்து உலை வைப்பேன். அரிசி வேகும் வரை கிரேக்கம் படிப்பேன்.

தாள்களின் ஒழுங்கு குலைந்துபோயிருந்தது. ஆகவே எனக்குத் தெரிந்த கிரேக்கச் சரித்திரத்தில் முதலில் கொள்ளைநோய் வரும், பிறகு போர், பிறகு கோயில் கட்டுவார்கள், கடைசியில்தான் ஏதென்ஸ் என்றொரு நகரம் தோன்றும். அந்த நகரம் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாவகச்சேரி அளவு இருக்கும் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். அவர்களுடைய நாடகங்களைப் பற்றி ஒரு தாள் இருந்தது. திறந்த வெளியில் ஊரே கூடியிருந்து பார்க்குமாம். மேடையில் என்ன அநியாயம் நடந்தாலும் ஒரு கூட்டம் ஓரமாக நின்று அதைப் பற்றிப் பாடிக்கொண்டே இருக்குமாம், கையை மட்டும் நீட்டாதாம். எங்கள் அறையிலும் அப்படி மூன்று பேர் இருந்தார்கள்.

இன்னொரு தாளில் வெளியூரிலிருந்து வந்து ஏதென்ஸில் தங்கியவர்களைப் பற்றி எழுதியிருந்தது. வேலை செய்யலாம், வரி கட்டவேண்டும், சண்டை வந்தால் போகவும் வேண்டும். காணி வாங்க முடியாது, வாக்கும் இல்லை. அடிமைகளுக்கும் பெண்களுக்கும் இல்லை. அன்று வதிவிட அனுமதிக்காகப் பிரெபெக்சர் அலுவலக வரிசையில் விடிய விடிய நின்றுவிட்டு வந்திருந்தேன். அதைப் படித்துத் தனியே சிரித்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

அறை குணத்தாருடைய பெயரில் இருந்தது. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். எங்களில் வயதில் மூத்தவர், பிரெஞ்சு கொஞ்சம் பேசுவார். நான் ரயிலால் இறங்கி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றபோது என்னைக் கண்டு கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். யாருக்குக் கடிதம் வந்தாலும் வாசித்துச் சொல்வார். அலுவலகங்களுக்குக் கூடவே வருவார். இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதையும் எழுதப்போகிறேன்.

கடைசியாக வந்து சேர்ந்தவர் தேவன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நன்றாகக் கதைப்பார், அதைவிட நன்றாக முடி வெட்டுவார். நாங்கள் அதுவரை முடியை வளரவிட்டுக்கொண்டு திரிந்தோம். கடைக்குப் போய் எப்படி வெட்டு என்று சொல்ல யாருக்கும் மொழி வராது. தேவன் வந்த முதல் ஞாயிறே கழுத்தில் துவாயைச் சுற்றி யன்னலோரம் ஒவ்வொருவராக உட்கார வைத்தார். மன்னாரைச் சேர்ந்த பெனடிக்ற், எங்கள் அறையின் பகிடிக்காரன், கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “இந்த மூஞ்சையை இவ்வளவு நாளும் எங்கையடா ஒளிச்சு வைச்சிருந்தனான்” என்றான்.

கடைசியாகக் குணத்தார் உட்கார்ந்தார். வெட்டு பாதியில் இருந்தது. கத்தரிக்கோலின் சத்தம் அவருக்குச் சுகமாக இருந்திருக்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“நல்ல கை தம்பி. எங்கை பழகினது?”

“அப்பாட்டைதான் அண்ணை. சந்தியிலை எங்கடை சலூன்தானே.”

குணத்தார் கண்ணைத் திறந்தார். எழும்பவில்லை. பாதித் தலையோடு எழும்ப முடியாது. மற்றப் பாதியும் வெட்டி முடியும் வரை இருந்தார். முடிந்ததும் துவாயை உதறினார், போய் நெடுநேரம் குளித்தார்.

அடுத்த நாள் அவருடைய தேநீர்க் கப்பின் பிடியில், மாறிப்போகாதபடி அடையாளத்துக்கு, சிவப்பு நூல் கட்டியிருந்தது. கப்புகளைக் கழுவுகிறவன் நான், ஆகவே முதலில் கண்டதும் நான்தான். அந்தக் கிழமை முடிவதற்குள் மேலும் நாலு கப்புகளில் நூல் வந்துவிட்டது. நீலம், கறுப்பு, பச்சை. காரணம் யாரும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. நான் எழுதுகிறேன்: சாதி.

இதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கும் உண்டு. ஒருநாள் சாப்பிடும்போது பெனடிக்ற் சுவரைக் காட்டி, “உதுக்குள்ளை அப்பிடி என்ன கிடக்கெண்டு சொல்லன் மச்சான்” என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது பழக்கமில்லாத மரியாதை. ஏதென்ஸில் ஓர் ஆளை ஊரைவிட்டு அனுப்ப நினைத்தால் உடைந்த சட்டி ஓட்டில் அவருடைய பெயரைக் கீறிப் போடுவார்கள், குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை, அதிகம் பேர் எழுதிய ஆள் பத்து வருடம் வெளியே இருக்கவேண்டும் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அதுவரை ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. குணத்தார் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்ல முறை” என்றார். “ஒருத்தரும் ஒருத்தரையும் நோகக் கதைக்கத் தேவையில்லை.”

அடுத்த ஞாயிறு மத்தியானம் தேவனைப் பேக்கரியில் பாண் வாங்க அனுப்பினார். பிறகு எங்களிடம், அறையில் இடம் காணாது, கீழ் வீட்டுக்காரர் முறைப்பாடு செய்கிறார், ஒருவர் போகத்தான் வேண்டும், ஆர் என்று நீங்களே எழுதுங்கோ என்றார். முன்பு இருந்தவர்கள் யன்னலில் விட்டுப்போன மண் பூச்சாடி ஒன்று இருந்தது. அதைத் துவாயில் சுற்றித் தரையில் அடித்தார். மண் கொட்டியது. வழக்கம்போல நான் கூட்டி அள்ளினேன். எட்டுப் பேருக்கும் எட்டு ஓடு. ஓர் ஆணி கைமாறிக் கைமாறிப் போனது. அவர்கள் குனிந்து எழுதும்போது தலைகளைப் பார்த்தேன். ஏழும் ஒரே அழகாக, பிடரியில் ஒரு மயிர் பிசகாமல் தேவன் வெட்டிய தலைகள்.

ஆணி என்னிடம் வந்தது. நான் சொன்ன கதையால் ஒரு மனிதன் தெருவுக்குப் போகப்போகிறான். வதிவிடக் கடதாசி இல்லாதவன், இந்த நகரத்தில் வேறு ஒருவரையும் அறியாதவன். சுவரைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை, ஓடு எழுதும் கதை இருந்த தாளில், நான் சொல்லாமல் விட்ட ஒரு வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். கீறினேன்.

குணத்தார் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். தேவன். தேவன். ஒன்று வெறுமை. தேவன். ஒன்றில் ‘எலி’ என்றிருந்தது. அது பெனடிக்ற், எங்கள் அறையில் எலித்தொல்லை உண்மையிலேயே இருந்தது. தேவன். தேவன். கடைசி ஓட்டை எடுத்துப் பார்த்தார், வாசிக்காமல் கவிழ்த்து வைத்தார். பெனடிக்ற் கையை நீட்டி அதை நிமிர்த்தினான்.

“அண்ணை, இதிலை உங்கடை பேரெல்லோ கிடக்கு.”

“ஆர் எழுதினது?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். இரகசிய வாக்குத்தானே.

“நான்தான்” என்றேன்.

“நீயோ? உன்னைத் தெருவிலை இருந்து கூட்டிக்கொண்டு வந்தவன் நான்.”

“ஓம் அண்ணை. ஆனா ஊரிலை மிஞ்சிப் பலம் வைச்சிருக்கிற ஆளை இறக்கத்தான் அவை ஓடு எழுதினவை. கீழை இருக்கிறவனைத் தள்ள இல்லை. இந்த அறையிலை பலம் உங்களிட்டைத்தான் இருக்கு.”

“ஐஞ்சாம் வகுப்பு எனக்குச் சரித்திரம் படிப்பிக்குது.”

“நீங்கள் படிச்சனீங்கள்தானே. சுவரிலை கிடக்கு, எழும்பிப் போய் வாசியுங்கோ. இல்லாட்டிக் காரணத்தைச் சொல்லுங்கோ. இடம் காணாது எண்டு சொல்லாதேங்கோ. கப்பிலை நூல் கட்டினது இடம் காணாமலோ?”

யாரும் எழும்பிப் போய் வாசிக்கவில்லை. ஓரமாக நிற்கிற மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். குணத்தார், “அஞ்சு ஓடு. முடிஞ்சுது” என்றார். முடிந்ததுதான். அது உண்மை. தோற்றதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை.

கதவு திறந்தே இருந்திருக்கிறது. தேவன் பாணோடு வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. உள்ளே வந்து பாணை மேசையில் வைத்தார்.

“சூடாக் கிடக்கு, சாப்பிடுங்கோ” என்றார். தன் பையை எடுத்தார். கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார்.

நான் சட்டியில் இருந்த கறியைக் கோப்பைகளில் பகிர்ந்து ஊற்றினேன். சட்டி என்னுடையது. அதைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டேன். தேவனோடு ஆறு மாடியும் இறங்கினேன். கீழே வந்ததும் கேட்டார்.

“அண்ணை, நீங்கள் ஏன் வந்தனீங்கள்? உங்கடை பேரை ஒருத்தரும் எழுதேல்லையே.”

“அவை இனிச் சமைச்சுப் பழகட்டும்” என்றேன். அவர் தெருவில் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன். பெனடிக்ற் மேலே யன்னலால், பொபினி என்ற புறநகரில் இருக்கும் தன் சிநேகிதனின் விலாசத்தைக் கடதாசியில் சுருட்டி எறிந்தான். மூன்று மாதம் அந்தச் சிநேகிதனின் குசினித் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில், படுத்தோம்.

அந்தக் கிரேக்கர்களை நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. அவர்களும் அடிமை வைத்திருந்தவர்கள்தான், நல்லவர்களையும் துரத்தியவர்கள்தான். ஆனால் தாளில் இருந்ததைத் தனக்கு வேண்டியபடி திருப்பியவருக்கு, இருந்தபடி காட்டினேன். அதற்கு ஐந்தாம் வகுப்பு போதுமாக இருந்தது.

குணத்தார் சில வருடங்களுக்கு முன் காலமானார். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு ஒரு மண்டபத்தில் கூடினோம். அந்த மூன்று பேரில் ஒருவர் மைக்கைப் பிடித்தார். இப்போது அவர் பெரிய ஆள். “ஒன்பது பேர், ஒரு சட்டி, ஒரு தாய் பிள்ளையள் மாதிரி இருந்தம். அந்தக் காலம் இனி வருமோ?” என்று கண்ணைத் துடைத்தார். பிறகு என்னைக் கண்டு, நான் மறுத்துவிடுவேன் என்ற நம்பிக்கையில், “நீங்களும் ரெண்டு சொல் சொல்லுங்கோவன்” என்றார்.

மைக்கை வாங்கினேன். காது சூடாகியது.

“குணத்தார் அண்ணை என்னை ஸ்ரேசனிலை இருந்து கூட்டிக்கொண்டு வந்தவர். அதை மறக்கமாட்டன். அந்த அறையிலை இருந்து தேவன் எண்ட ஒருத்தரைச் சாதி பார்த்துக் கலைச்சம். அதையும் மறக்கமாட்டன்.”

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். யாரோ சோறு ஆறுகிறது என்றார்கள்.

ஆறாம் மாடியின் சின்ன அறைகளை இடித்து ஒரே வீடாக்கிவிட்டார்கள். பெனடிக்ற் இப்போது உயிரோடு இல்லை. தேவன் லண்டன் போனார், அங்கிருந்து இன்னும் தூரம் போனாராம். விலாசம் யாரிடமும் இல்லை. அவர் ஒருவர்தான் எனக்கு இழப்பு. அந்தக் காலம் இனி வராது என்று லா சப்பலில் இப்போதும் யாராவது பெருமூச்சு விடுவார்கள். வரவேண்டாம். அதற்காக நான் அழமாட்டேன்.