சென்னையில் இருக்கும் ஓனரம்மா

"வீடு நீங்க குடியிருக்கவா, வாடகைக்கு விடவா?" என்று வங்கியில் கடன் பிரிவு அதிகாரி கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "எங்களை நாங்களே கஷ்டப்படுத்திக்க" என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. படிவத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். 'வாடகைக்கு' என்றுதான் எழுதியிருப்பார் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் கோபத்திலும் நியாயம் இருந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களுக்கு குவார்ட்டர்ஸ் இருக்கிறது. ஃபேன் ஓடவில்லை என்றால் எழுதிப் போட்டால் போதும், ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஆனால் மைன்ஸில் அவருக்கு இன்னும் சில வருஷ சர்வீஸ்தான். ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அதற்குள் எங்களுக்கென்று ஒரு கூரை வேண்டும், அதுவரை வாடகையே கடனை அடைத்துவிடும் என்பது என் திட்டம். ஒரு தனியார் பள்ளி ஆபீசில் நான் கிளார்க். என் சம்பளச் சான்றிதழையும் சேர்த்துத்தான் கடன் கிடைத்தது.

வடலூரில் ஒரு பழைய மாடிவீடு. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். இரண்டு வாடகையையும் கூட்டினால் மாதத் தவணையில் பெரும்பகுதி வந்துவிடும் என்று பள்ளி நோட்டீஸின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் தண்ணீர் மோட்டார் என்ற சொல்லே கிடையாது. காலியாகக் கிடக்கும் மாதமும் கிடையாது.

எங்கள் ஆபீசில் ஒரு அக்காவுக்குப் பண்ருட்டியில் மூன்று வாடகை வீடுகள். அவர்தான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். "நீதான் ஓனர்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதே. ஓனர் சென்னையில இருக்காங்க, நான் சும்மா பார்த்துக்கறேன்னு சொல்லு. யாராவது எதையாவது குறைக்கச் சொன்னா, அவங்களைக் கேட்டுச் சொல்றேன்னு நழுவிடு."

எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பேரம் பேசத் தெரியாத எனக்குப் பதிலாகப் பேச ஒரு ஆள். பஸ்ஸில் போகும்போதே அந்த ஓனரம்மாவை உருவாக்கிவிட்டேன். பெரிய வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். ரத்தக்கொதிப்பு. போனில் பேசினால் கத்துவார். பிறகு அவருக்கு ஒத்துவராத ஒரு மருமகளையும் சேர்த்தேன்.

கீழ்வீட்டைப் பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் மைன்ஸுக்கு ஆள் ஏற்றிப்போகும் கான்ட்ராக்ட் பஸ்ஸின் டிரைவர். மனைவி வீட்டிலேயே இட்லிமாவு அரைத்து விற்பவள். குள்ளஞ்சாவடிப் பக்கம் பிறந்தவள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். அவள்தான் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தாள்.

"இந்த பைப்பு ஒழுவிக்கினே இருக்குது, டீச்சர். ஓனருக்குத் தெரியுமா?"

பள்ளியில் வேலை என்றால் யாராக இருந்தாலும் டீச்சர்தான். நான் திருத்தவில்லை. "சொல்றேன்" என்றேன்.

"அட்வான்ஸயும் கொறைக்கச் சொல்லுங்க."

போனை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போனேன். அணைந்துகிடந்த போனில் இரண்டு நிமிடம் கெஞ்சினேன். திரும்பி வந்து, "முடியவே முடியாதுங்கறாங்க" என்றேன்.

"சரியான கஞ்சமா இருப்பாங்க போலக்கீதே."

"ரொம்ப" என்றேன், மனப்பூர்வமாக.

குடிவந்தார்கள். மாடிவீடு மட்டும் காலியாகவே கிடந்தது. மூன்றாம் மாதம் மோட்டார் எரிந்துபோனது. புது மோட்டார் வாங்க என் கையில் அப்போது எதுவும் இல்லை. சம்பளம் வர ஒரு வாரம் இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்கலாம். கேட்டால் வங்கியில் சொன்ன வசனத்தை இன்னொரு முறை கேட்க வேண்டும். அதனால் ஓனரம்மா யோசித்தார். மூன்று நாள் யோசித்தார். கீழ்வீட்டுக்காரி பக்கத்து வீட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து மாவு அரைத்தாள்.

நான்காம் நாள் போன் செய்து வரச்சொன்னாள். பயந்துகொண்டே போனேன். அவள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள். ஒரு தட்டு நிறையச் சுளையை என் முன்னால் வைத்தாள்.

"உங்களச் சொல்லிக் குத்தமில்ல, டீச்சர். அந்தம்மாவுக்குத்தான் மனசாட்சி இல்ல. ஒரு நாளு இங்க வந்து தண்ணி தூக்கச் சொல்லுங்க, அப்பத் தெரியும்."

நான் தலையாட்டினேன். வாய் நிறையப் பலாச்சுளை.

"ஆமா, இப்புடி அலையறீங்களே, உங்களுக்கு மாசம் என்னா குடுக்கறாங்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணுமே இல்லயா!" என்று இன்னும் நாலு சுளையைத் தட்டில் போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. மோட்டார நானே வாங்கிப் போட்டுடறேன். பில்ல கொஞ்சம் கூடப் போட்டு வாங்கிக்கலாம். வாடகையில கழிச்சிடுங்க. கூடப் போட்டதுல பாதி உங்களுக்கு."

என்னை ஏமாற்ற எனக்கே லஞ்சம். அந்த நேரத்தில் நான் மனசுக்குள் கணக்குப் போட்டதை மறைக்க மாட்டேன். ஏமாறும் பணத்தில் பாதி என்னிடமே திரும்பி வருகிறது. நஷ்டம் மீதிப் பாதிதான். அவ்வளவு மோசமில்லை.

ஆனாலும், "வேண்டாம்மா, அந்த ஓனரம்மா பாவம்" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவந்தான். மூணு நாளா தூங்கல போல. கண்ணெல்லாம் உள்ள போயிகினு கீது."

எடுத்த சுளையைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

"கரண்டு கார்டுல ஒரு பேரு இருக்குது. போன்ல உங்களுக்கு வாடகை அனுப்பனா அதே பேருதான் வருது. மொத மாசமே தெரியும்."

"அப்புறம் இத்தனை நாளா கஞ்சம், மனசாட்சி இல்லைன்னு எல்லாம் திட்டினீங்களே?"

"தெரிஞ்சிதான் திட்னேன். வூட்டுக்காரங்கள மூஞ்சிக்கு நேரா திட்டனா மரியாதயா இருக்காது பாருங்க."

வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கூடவே, பெரிய மூட்டையை இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது. தவணை, சம்பளத் தேதி, வீட்டுக்காரரின் வாய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அடுத்த மாத வாடகையை அன்றைக்கே அனுப்பினாள். அந்தப் பணத்திலேயே சாயங்காலத்துக்குள் அவள் வீட்டுக்காரர் பண்ருட்டியிலிருந்து மோட்டார் வாங்கிவந்துவிட்டார். பில்லில் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் இல்லை.

"உங்களுக்கு இந்த வேல வராது, டீச்சர். மாடிக்கு நான் ஆள் புடிச்சித் தர்றேன். மாடிப்படிக்கு அடியில என் கிரைண்டர் ஒண்ணு போட்டுக்கறேன், சரியா?" என்றாள்.

சரி என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாடி பார்க்க வருகிறவர்களை அவள் கேள்வி கேட்டாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களிடம் ராத்திரி ஷிப்டா, சொந்தக்காரங்க எத்தனை பேர் வருவாங்க, துணியை எங்கே காயப்போடுவீங்க என்று கேட்டாள். ஒருவர் அட்வான்ஸைக் குறைக்கச் சொல்லி என் பக்கம் திரும்பினார். "அவங்களப் பாக்காதீங்க, எங்கிட்டப் பேசுங்க" என்றாள். மூன்றாவதாக வந்த ஒரு நர்ஸ் குடும்பம் அவள் பரீட்சையில் தேறியது. நான் கேட்க நினைத்ததைவிட அதிக வாடகைக்கு மாடி போனது.

ஒரு வருஷம் முடிந்ததும் மாடி வாடகையை ஏற்ற வேண்டும் என்றாள். அவளே போய்ப் பேசி ஏற்றியும் கொடுத்தாள். கீழ்வீட்டு வாடகை மட்டும் இன்னும் பழைய வாடகைதான். அதைப் பற்றிப் பேசவென்றே இரண்டு முறை வடலூருக்குப் போனேன். இரண்டு முறையும் அவள் முறுகலாகத் தோசை வார்த்துப் போட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.