எல்லவுக்குப் போய் ‘தொமரியான்’ கேட்ட நாள்

எனக்கு எழுத வராது, ஐந்தாம் வகுப்போடு சரி. மறதியும் உண்டு. பிழை இருந்தால் கோபிக்க வேண்டாம்.

சனிக்கிழமை காலை எட்டே முக்கால் போல ஹாலிஎலயில் ரயில் ஏறினோம், நானும் மகள் செல்வியும். எல்ல வரை மூன்றாம் வகுப்பு டிக்கெட், ஆளுக்கு எண்பது ரூபா என்று நினைவு. தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்விக்கு அங்கே ஒரு விடுதியில் வேலை கிடைக்கலாம். ஸ்பெயின்காரர்களிடம் அவர்கள் பாஷையில் பேசிக் காட்ட வேண்டும். ஆறு மாதமாகப் போனில் படிக்கிறாள்.

மலையெல்லாம் பனிமூட்டம். ரயில் தூக்கத்தில் நடப்பது போல ஏறியது. ‘கிடைத்தால் குடிப்பேன்’, ‘குடிப்பீர்களா’ என்று பணிவாகப் பேசும் விதத்தைச் செல்வி முணுமுணுத்தாள். குடிப்பதற்குத் தொமார்.

“தொமியா... சே!”

“என்னடி?”

“முன்ன படிச்சதுல நுனியக் கிள்ளிட்டு ஒட்டணும்மா. இதுல கிள்ளக் கூடாது, முழுச் சொல்லோட ‘இயா’ சேக்கணும். நமக்குக் கிள்ளியே பழகிருச்சு.”

நான் தொமரியா, நீ தொமரியாஸ், நாங்கள் தொமரியாமோஸ், அவர்கள் தொமரியான். விருந்தாளிகளை மரியாதையாகக் கேட்கவும் தொமரியான்தான். பேசுவதற்கு அப்லரியா, வாழ்வதற்குப் பிபிரியா. எல்லாவற்றுக்கும் வால் ஒன்றே.

எதிரே இருந்த பதுளைக் கடைக்கார முஸ்லிம் நானா, “என்ன தங்கச்சி, பேயோட்டுறீங்களா?” என்றார்.

“ஆமா நானா, நீங்க எறங்குற வரைக்கும்” என்றாள் செல்வி.

தெமோதரையில் ரயில் சுரங்கத்துக்குள் போய், மலையைச் சுற்றி, அதே சுரங்கத்தின் தலைமேல் இருக்கும் ஸ்டேஷனில் வந்து நின்றது. கனவில்தான் அப்படி நடக்கும்.

பத்து மணிக்கு விடுதி. மேனேஜர், “தேத்தண்ணி குடிப்பீங்களான்னு கேளு, அப்புறம் ஊத்து” என்றார். வராந்தாவில் வயதான ஸ்பெயின் தம்பதி. செல்வி நேரே போய் இரண்டு கோப்பையும் நிறைய ஊற்றி வைத்துவிட்டாள். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் வந்தவரைக் குடிப்பீர்களா என்று கேட்டால், கொடுக்க மனமில்லை என்று அர்த்தம்.

“கேக்கச் சொன்னேனே!” மேனேஜர் முகம் சுருங்கியது.

அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு ஏதோ கேட்டார். ஸ்பெயினில் வாழ்வீர்களா என்றாராம். செல்வி என்னைப் பார்த்தாள். கிள்ளாமல், மெதுவாகச் சொன்னாள்: “பிபிரியா... கொன் மி மாத்ரே.”

அம்மாவோடு என்றால் வாழ்வேன். எல்லாரும் திரும்பிப் பார்க்க, நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

“திங்கக்கிழம துணிமணியோட வந்துரு, இங்கயே தங்கணும்” என்றார் மேனேஜர்.

திரும்பும் ரயிலில் செல்வி, “அங்க ஒருத்தருக்குத்தான் எடமாம்மா” என்றாள்.

“நான் எதுக்குடி அங்க?” என்றேன்.

இடம் இருந்தால் போவேன். அதை அந்தப் பாஷையில் எப்படிச் சொல்வது என்று அவளிடம் கேட்கவில்லை.

ரயில் நேரம், டிக்கெட் விலை, இந்தச் சொற்கள் எல்லாம் சரிதானா என்று தெரிந்தவர் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.