முன்வரிசையில் தோடம்பழம்

மத்திய காலத்துப் பெண்களின் வரலாற்றைத் தேடியெடுத்து ஊருக்குச் சொல்வது, நான் எனக்கே கொடுத்துக்கொண்ட உத்தியோகம். கண்டியில் நாலு கதிரை போட்டிருந்தால் போதும், பேசிவிடுவேன். தவறாமல் கேட்க வருபவர் ஒருவர்தான்: அம்பிட்டிய பஸ்ஸில் வந்து இறங்கும், நரைத்த கொண்டை போட்ட ஓர் அம்மா. முன்வரிசையில் உட்கார்ந்து, நான் வாயைத் திறந்ததும் தோடம்பழம் உரிக்கத் தொடங்குவார்.

அன்று நான் கொதித்தேன். "கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவள் ஒரு பெண். கல்வெட்டில் அவள் பேர் இல்லை. இன்னாரின் மனைவி என்றுதான் இருக்கிறது!" கைதட்டினார்கள். அதே சூட்டில் நன்றியுரையையும் நானே சொன்னேன்: "தேநீர் தந்த தலைவரின் துணைவியாருக்கு நன்றி."

வாசலில் அந்த அம்மா என்னை நிறுத்தினார். "தேத்தண்ணி தந்தவங்களுக்கும் ஒரு பேரு இருக்கும்ல, சேர்? கல்லு வெட்டுனவரும் ஒங்கள மாதிரி மரியாதையாத்தான் வெட்டியிருப்பாரு."

அடுத்த கூட்டத்தில் துணைவியாரின் பேரை மண்டபம் அதிரச் சொன்னேன். முன்வரிசை தலையாட்டியது, தோடம்பழம் மணத்தது. திருந்திவிட்ட பெருமையில் அந்த அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. இத்தனை கூட்டத்திலும் அவர் பேரை நான் கேட்கவே இல்லை.