டீச்சர் வீட்டு பைண்டர்

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் நடந்த பைண்டிங் வகுப்பில்தான் அவரை முதலில் பார்த்தேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியிருந்தேன். மகள் வெளியூரில் படிக்கப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து எல்லோர் மேலும் எரிந்து விழுவதற்குப் பதில், எங்கேயாவது போய்த் தொலையலாம் என்று தோன்றியது. திருவானைக்காவலிலிருந்து ஒரே பஸ். அதனால் சேர்ந்தேன்.

சொல்லிக்கொடுத்தவள் என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். பெங்களூரில் கற்றுக்கொண்டு வந்தவள். முதுகுத் தையல் வெளியே தெரியும்படி புதுமாதிரி டைரி செய்வது, பழைய புத்தகத்தைப் பிரித்து மறுபடி தைப்பது, கிழிந்த தாளுக்கு மெல்லிய டிஷ்யூ ஒட்டுவது என்று எல்லாம் சொல்லித் தருவாள். பசை மட்டும் பழைய முறைதான். மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் போடச் சொல்வாள். வந்தவர்களில் பாதிப் பேர் டைரி செய்து போட்டோ பிடித்துப் போடுகிற இளவட்டங்கள். நான் ஒருத்தி, பிறகு அவர்.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்போடு மல்லுக்கட்டிய கை. டிஷ்யூவைத் தொட்டாலே கிழிந்துவிடும். ஆனால் மனிதர் விடமாட்டார். டைரி, வண்ணத்தாள் எதுவும் அவருக்கு வேண்டாம். பழைய புத்தகக் கடையிலிருந்து முதுகு பிய்ந்த புத்தகமாகப் பார்த்து வாங்கி வருவார். பிரிப்பார், தைப்பார், காலிகோ துணி ஒட்டுவார். காய்ந்ததும் நடுப்பக்கத்தை விரித்து மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பார். புத்தகம் தானாக மூடிக்கொண்டால் முகம் சுருங்கிவிடும். அத்தனை நூலையும் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

“அங்கிள், நல்லாத்தானே இருக்கு. யாரு உங்களுக்கு மார்க் போடப்போறாங்க?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“இல்லம்மா, இது ஸ்கூல் லைப்ரரிக்கு ஒத்துக்கற மாதிரி வரணும்” என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “எந்த ஸ்கூல்ல சார் வேலைக்கு எடுக்கறாங்க, எனக்கும் சொல்லுங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஓய்வு பெற்ற ஆண்களுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிப்பது வழக்கம், இவருக்கு இது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டை வெட்டும்போது கத்தி நழுவி அவருடைய இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. தையல் போடும் அளவுக்கு ஆழமில்லை. துடைத்து, மருந்து வைத்து, பெரிதாகக் கட்டுப் போட்டோம். வலி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டைப் பார்த்து, “இதை வச்சுக்கிட்டு இன்னைக்கு ஊசி பிடிக்க முடியாதே” என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். முகம் வெளுத்துவிட்டது. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். பஸ் காவிரிப் பாலம் ஏறியது. பிறகு, “தப்பா நினைக்காதீங்கம்மா. ஸ்ரீரங்கம் வரைக்கும் வந்து ஒரு புத்தகம் தைச்சுக் கொடுத்துட்டுப் போவீங்களா? தைக்கலேன்னா என் வீட்டம்மா இன்னைக்குச் சாப்பிட மாட்டா” என்றார்.

பாலத்திலேயே மிச்சத்தையும் சொன்னார். அவர் மனைவி ஒரு பள்ளியில் லைப்ரரி டீச்சராக இருந்தவர். இப்போது நினைவு போய்க்கொண்டிருக்கிறது. முதலில் ஊர் மறந்தது, பிறகு உறவுகள். கடைசியில் அவரையே தெரியவில்லை. யாரோ ஓர் ஆள் வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று பயந்து கூச்சல் போட ஆரம்பித்தார். சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு போனால், டம்ளர் பறந்து வரும். ஒருநாள் அலமாரியில் கிழிந்து கிடந்த புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இவர் உள்ளே போயிருக்கிறார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “பைண்டர் வந்தாச்சா? உட்காருங்க” என்றாராம்.

பள்ளியில் கோடை விடுமுறை விட்டதும், கிழிந்த புத்தகங்களைத் தைக்க லைப்ரரிக்கு பைண்டர் வருவது வழக்கம். அந்த ஆளை மட்டும் டீச்சருக்கு ஞாபகம் இருந்தது. அன்றிலிருந்து இவர் பைண்டர்.

“சும்மா நடிச்சா விட மாட்டாம்மா. ஃபெவிகால் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். விரிச்சு வச்சுப் பார்த்தா, மூடிக்கிச்சு. பக்கவாட்டுல ஓட்டை போட்டுத் தைச்சேன். அதுவும் மூடிக்கிச்சு. இந்த வேலைக்கு ஆகமாட்டீங்க, போங்கன்னு வெளியில அனுப்பிட்டா. அன்னைக்குப் பூரா பட்டினி. அதுக்கப்புறம்தான் இந்த கிளாஸ்ல சேர்ந்தேன்.”

திருவானைக்காவல் ஸ்டாப்பிங் வந்தது. நான் இறங்கவில்லை.

அம்மா மண்டபம் ரோட்டுக்கு உள்ளே, ஒரு அபார்ட்மெண்டின் முதல் மாடி. காலையில் பார்த்துக்கொள்ள வரும் பெண் எங்களைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். டீச்சர் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படிய வாரிய தலை, மடிப்புக் கலையாத காட்டன் புடவை. நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முன்னால் புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

“லேட்டு பைண்டர்” என்றார். என்னைப் பார்த்து, “ஆள் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?”

“கையில அடிபட்டுடுச்சுங்க டீச்சர். அதான்.”

சொந்த மனைவி முன்னால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்ற விதம் எனக்கு என்னவோ செய்தது. நான் தரையில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் நூலுக்கு மெழுகு பூசிக் கொடுத்தார். டீச்சர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நூலை மடிப்போட போக்குலயே இழுங்க. உங்க பக்கமா இழுத்தா பேப்பர் அறுந்துடும்” என்றார். சரியாகத்தான் சொன்னார். கட்டிய கணவரின் முகம் போய்விட்டது, நூல் இழுக்கும் திசை இருக்கிறது. அந்த நோயின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

பேச்சை மாற்றுவதற்காக, “வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க டீச்சர்?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது.

“ஒர்க்‌ஷாப்ல இருக்கார். புத்தகம்னாலே அவருக்கு ஆகாது. இதைக் கட்டிக்கிட்டு அழுவியான்னு சத்தம் போடுவார்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா நான் வர லேட்டானா சாப்பிட மாட்டார். பசியோட வாசல்லயே நிப்பார். பாவம்” என்றார்.

பக்கத்தில் இருந்தவர் தலை நிமிரவில்லை. ஏற்கெனவே மெழுகு பூசிய நூலுக்கே மறுபடி மெழுகு பூசிக்கொண்டிருந்தார்.

தைத்து முடித்ததைக் கொடுத்தேன். பசை போட்டு முதுகுத் துணி ஒட்டுவது அடுத்த நாள் வேலை. தையலை மட்டும் பார்ப்பதற்காக டீச்சர் புத்தகத்தை நடுவில் விரித்து மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். எந்தப் பரீட்சைக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை. புத்தகம் அப்படியே விரிந்து படுத்திருந்தது. “ம், பரவாயில்ல” என்றார்.

“சாப்பாட்டு மணி அடிச்சாச்சுங்க டீச்சர்” என்றார் அவர். காலையிலேயே கட்டி வைத்திருந்த டிபன் பாக்ஸை மேசையில் வைத்தார். டீச்சர் திறந்து, ஸ்டாஃப் ரூமில் சாப்பிடுகிற மாதிரி நிதானமாகச் சாப்பிட்டார். ரசம் சாதமும் பீன்ஸ் பொரியலும். எங்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் மூடியில் வைத்துக் கொடுத்தார். அவர் அதைத் தள்ளியிருந்து வாங்கிச் சாப்பிட்டார். காலையில் அவரே தன் கையால் சமைத்ததுதான்.

சாப்பிட்டு முடித்து டீச்சர் கொஞ்ச நேரம் புத்தகங்களை மாற்றி மாற்றி அடுக்கினார். திடீரென்று கடிகாரத்தைப் பார்த்தார்.

“நீங்க கிளம்புங்க பைண்டர். எங்க வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற நேரம்.”

“சரிங்க டீச்சர். நாளைக்கு வரேன்.”

அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நானும் வந்தேன். கிரில் கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் கூடம் தெரிகிறது. டீச்சர் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு, தலையை ஒருமுறை தடவிச் சரிசெய்துகொண்டு, காத்திருக்க ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “இப்ப உள்ள போங்க சார். உங்களைத்தானே எதிர்பார்த்துட்டு இருக்காங்க” என்றேன்.

“போய்ப் பார்த்துட்டேம்மா. சட்டையை மாத்திக்கிட்டுப் போனேன், மீசைக்கு மை அடிச்சுக்கிட்டுக்கூடப் போனேன். பயந்து அழறா. அவ எதிர்பார்க்கறவனுக்கு வயசு ரொம்பக் கம்மி.” கட்டுப்போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாற்காலியிலயே அசந்து தூங்கிடுவா. அப்ப போய்க்குவேன். நீங்க கிளம்புங்க, மழை வர்ற மாதிரி இருக்கு.”

நான் படியிறங்கி வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மா என்ன ஏதென்று கேட்டார். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.

விரல் ஆறும்வரை சில நாட்கள் போய்த் தைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு அவரே தைத்தார். நன்றாகவே தைத்தார். வகுப்பு முடிந்துவிட்டது. எப்போதாவது போனில் பேசுவோம். பங்குனியில் ஒருநாள் அவரே கூப்பிட்டு, டீச்சர் போய்விட்டதைச் சொன்னார்.

நான் போனபோது காரியங்கள் எல்லாம் முடிந்து வீடு காலியாக இருந்தது. மேசையில் ஒரு புத்தகமும் இல்லை. அலமாரியில் வைத்துவிட்டாராம். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிட்டீங்க சார்” என்றேன்.

“இருந்தேம்மா. கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார். பிறகு, “வாசலையே பார்த்துக்கிட்டு, அவர் இன்னும் வரலையா பைண்டர்னு கேட்டா. வந்துக்கிட்டிருக்கார் டீச்சர்னு சொன்னேன். அவர் வரலேன்னு நினைச்சுக்கிட்டேதாம்மா போனா” என்றார்.

அன்றிலிருந்து, வேலை முடிந்து வருகிற என் கணவருக்கு நான் கதவைத் திறக்கும்போது, இந்த முகம் எனக்குத் தெரிகிறது, என் முகம் இவருக்குத் தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறேன். அதைவிடப் பெரிதாக எதையும் கேட்க இப்போதெல்லாம் எனக்கு வாய் வருவதில்லை.