காய்ந்த மல்லிக்குள் தண்ணீர்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன பிறகு வந்த சில வருடங்கள், ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் இருந்த சிறிய பரிசோதனைக் கூடத்தில் நான் உதவியாளராக வேலை பார்த்தேன். கோட்டுச்சேரியிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, நல்லெண்ணெயில் வேறு எண்ணெய் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அன்றாட வேலை. எனக்கு மேலே ஒரே ஒரு கெமிஸ்ட். பிரெஞ்சில் ரசாயனம் படித்தவர் என்பதால் ஊரே அவரைப் பிரெஞ்சு மரியாதையில் ‘முசே’ (ஐயா) என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே.

ஒருநாள் ஒரு கொத்தமல்லி வியாபாரி கோபமாக உள்ளே வந்தார். தலைமுறையாகக் கப்பலில் சரக்கு அனுப்பும் குடும்பம். கிழக்கே ஒரு துறைமுகத்துக்கு அவர் அனுப்பியிருந்த மல்லி விதையை, ஈரம் அதிகம் என்று அங்கே ஏற்க மறுத்துவிட்டார்களாம். ஈரம் பார்த்து நாங்கள் கொடுத்த சான்றிதழ் அங்கே செல்லுபடியாகவில்லை.

“காஞ்சதுன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்க. ஈரம்னு அவன் சொல்றான். மூட்டைக்குள்ள கடலா பூந்துச்சு?” என்றார்.

எடுத்து வைத்திருந்த மாதிரியை முசே மறுபடி உலர்த்திப் பார்த்தார். பழைய விடைதான் வந்தது. அங்கே எப்படி உலர்த்தினார்கள் என்று கேட்டு எழுதினார். அவர்களுடைய அடுப்பு எங்களுடையதைவிடச் சூடானது என்று தெரிந்தது. அந்தச் சூட்டில் தண்ணீரோடு மல்லியின் வாசனை எண்ணெயும் பறந்துவிடும். அதையும் ஈரக் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

“அப்ப யாரு சொன்னதுங்க சரி?” என்று முசேயிடம் கேட்டேன்.

“எவ்வளவு சூடுன்னு யாரும் பேசி வச்சுக்கலையேம்மா. அவங்க அடுப்பு அவங்களுக்கு, நம்ம அடுப்பு நமக்கு.”

அவர் இதை டெல்லிக்கு எழுதிப் போட்டார். பதில் வரும் என்று நான் நம்பவில்லை. வந்தது, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தட்டச்சு செய்த ஒரு கட்டுக் காகிதம். மல்லிக்கென்று பல நாடுகள் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த பொது விதியின் வரைவு அது.

விதிகளை எங்கோ ஒரு பெரிய மனிதர் எழுதி முத்திரை குத்தி அனுப்புவார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இந்தக் காகிதத்திலோ மறுப்பு எழுதுவதற்கென்றே ஓரத்தில் இடம் விட்டிருந்தார்கள். ஒரு நாடு வரைவு எழுதுகிறது. மற்ற நாடுகள் படித்துக் குறை சொல்கின்றன. ‘விதை என்று எழுதியிருக்கிறீர்கள், தாவர நூல்படி இது கனியல்லவா’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘காம்பு குப்பையா, சரக்கா’ என்று இன்னொருவர். எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தி, மறுபடி சுற்றுக்கு விடுகிறார்கள். மறுப்பு ஓயும்வரை இப்படியே. குழம்புக்கு வறுத்து அரைக்கிற தனியாவுக்காக, ஒருவரையொருவர் கண்ணால் பார்த்திராத மனிதர்கள் இவ்வளவு பொறுமையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு நம்ப முடியாததாக இருந்தது.

ஈரத்தை அளக்கும் புதிய முறையைப் பல நாடுகளில் சோதித்துப் பார்க்கிறார்கள், நீங்களும் சேர்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். முசே உடனே சம்மதம் எழுதினார். ஒரே குவியலிலிருந்து பிரித்த மல்லி, மூடி ஒட்டிய டப்பாவில் வந்தது. கூடவே ஒரு கண்ணாடிக் கருவி. யாரும் யாரையும் கேட்காமல் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

பொடித்த மல்லியை டொலுவீன் என்ற திரவத்தில் போட்டுக் கொதிக்க வைத்தோம். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, கோடு போட்ட ஒரு குழாயில் இறங்கும். வாசனை எண்ணெய் டொலுவீனில் கரைந்துவிடும். தண்ணீர் மட்டும் தனியே அடியில் தங்கும். வியாபாரியும் வந்து பக்கத்தில் நின்றார். குழாயின் அடியில் முதல் துளி உருண்டு நின்றது. தொட்டால் நொறுங்கும் மல்லியிலிருந்து வந்த தெளிந்த தண்ணீர். அடுத்த துளி வந்து அதோடு சேர்ந்துகொண்டது.

“சுப்ஹானல்லாஹ்,” என்றார் அவர். “இதுக்குள்ளயா இருந்துச்சு?”

நான் குழாயின் கோடுகளை எண்ணிக் குறித்துக்கொண்டேன்.

சில மாதங்களில் எல்லோருடைய விடைகளும் வந்தன. பெயர் இல்லை, ஆய்வகங்களுக்கு எண் மட்டும். பனி பெய்யும் ஊரிலோ பாலைவன ஓரத்திலோ, எங்கெங்கோ இருந்தவர்கள் கிட்டத்தட்ட ஒரே விடையைச் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்க்க எனக்குச் சிலிர்த்தது. பிறகுதான் கவனித்தேன், எங்கள் எண்ணுக்கு நேரே இருந்த விடை மட்டும் தனியாக மேலே நின்றது.

முசே அன்று சாப்பிடவில்லை. மிச்சமிருந்த மல்லியை மறுபடி சோதித்தோம். விடை இன்னும் ஏறியது. ஐப்பசி மழைக்காலம், கடல் காற்று கூடத்துக்குள் புகுந்துகொண்டிருந்தது. பொடியைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். முள் நடுவில் நிற்க வேண்டும், நிற்கவில்லை. கல் சேர்த்தால் நின்றது, பிறகு மெல்ல நகர்ந்தது.

“முசே, இங்க வாங்க. எடை ஏறிக்கிட்டே போவுது!”

அவர் குனிந்து வெகுநேரம் முள்ளையே பார்த்தார். “காத்துல இருக்குற ஈரத்தைக் குடிக்குதும்மா,” என்றார்.

பொடியுங்கள், எடை போடுங்கள் என்றுதான் வரைவு சொன்னது. நடுவில் பொடியை எப்படி வைப்பது என்று அதில் இல்லை. அதை எழுதியவர் ஊரில் அந்த இடைவெளியில் ஒன்றும் நடக்காது போலிருக்கிறது. பொடித்ததும் இறுக மூடும் புட்டியில் போட்டு, புட்டியோடு எடை பார்த்தோம். எங்கள் விடை மற்றவர்களோடு போய்ச் சேர்ந்தது.

“பாத்தது நீங்க. நீங்களே எழுதுங்க,” என்றார் முசே. பயந்துகொண்டே வரைவின் ஓரத்தில் ஆங்கிலத்தில் நாலைந்து வரி எழுதினேன். விதியை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, கண்டதைச் சொன்னேன்.

அடுத்த வரைவு வந்தபோது புதிதாக ஒரு வாக்கியம் இருந்தது: பொடித்தவுடன் காய்ந்த புட்டியில் இட்டு மூடவும். சொற்கள் என்னுடையவை இல்லை. வேறொரு வெப்பக் கடற்கரையிலிருந்தும் இதையே எழுதியிருந்ததாகக் குறிப்பு சொன்னது. அந்த இன்னொருவர் யார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் தராசின் முள்ளும் அப்படித்தான் நகர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அந்த வாக்கியத்தை மறுபடி படித்தேன்.

வியாபாரியின் பழைய சரக்கு போனது போனதுதான். முறை முழுதாக முடிவாவதற்குள் நானும் வேலையை விட்டுவிட்டேன். அந்த வாக்கியம் வந்த வாரம் அவர் கூடத்துக்கு வந்திருந்தார், அதைத் தமிழில் சொன்னேன்.

“நம்ம ஊரு காத்தையும் கேட்டுக்கிட்டாங்கன்னு சொல்லுங்க,” என்றார். கொஞ்சம் யோசித்து, “இதுக்கு யாரும் மறுப்பு சொல்லலையா?”

“இன்னும் சுத்துலதான் இருக்குங்க. சொல்லலாம்.”

“சொல்லட்டும் தங்கச்சி, நல்லா சொல்லட்டும்,” என்று சிரித்தார்.