தண்ணீரில் விட்ட சாக்குப் பை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதக் காலையில், கோவளத்து உப்பங்கழியில் நடந்தது இது. அப்போது என் பெண்ணுக்கு ஏழு மாதம். நாங்கள் செங்கல்பட்டில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை.

அவர் பிறந்து வளர்ந்தது கோவளத்தில். பகலெல்லாம் காகிதக் கட்டுகளோடு இருந்துவிட்டு வந்தாலும், சாப்பிடும்போது கடல் பேச்சுதான் வரும். சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வேண்டும், கரையை ஒட்டியே சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி என்று மூன்று நாள் போக வேண்டும், படகிலேயே சமைத்துப் படகிலேயே தூங்க வேண்டும் என்பார். நான் தலையாட்டுவேன். மனசுக்குள் அப்படி எதுவும் கிடைக்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

ஆனால் கிடைத்துவிட்டது. சொந்த நாட்டுக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்காரர், கழியில் கட்டி வைத்திருந்த தன் படகை விற்கிறார் என்று சேதி வந்தது. பழைய படகுதான். உள்ளே படுக்க இரண்டு பலகை, ஒரு சின்ன அடுப்பு. புதுச்சேரிக்காரர் ஒருவரும் கேட்டிருந்ததால் ஓட்டிப் பார்க்கிற அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். "நீயும் வா, ஓட்டிப் பார்ப்போம். உனக்குப் பயமா இருந்தா சொல்லிடு, விட்டுடலாம்" என்றார் இவர். சொல்லத்தான் நினைத்தேன். விடியற்காலையில் பஸ்ஸுக்குப் புறப்படும்போது, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நின்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.

வெள்ளைக்காரருக்காகப் படகைப் பராமரித்துவந்த கோவளத்துப் படகுக்காரர்தான் பாயைக் கவனித்தார். இவர் சுக்கானைப் பிடித்தார். எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். தேங்காய் மட்டைத் துண்டை முன்முனையில் தண்ணீரில் போடுவார் படகுக்காரர். அது பின்முனைக்கு வந்து சேர எத்தனை எண்ணுகிறேன் என்று சொல்ல வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் வேகம் அதிகம். முதலில் காற்று பின்னாலிருந்து தள்ள, உள்நாட்டுப் பக்கம் போனோம். நாலு எண்ணுவதற்குள் மட்டை என்னைத் தாண்டிப் போயிற்று. வேகமாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் நாலுதான். அந்த நிமிஷத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: படகு லேசாகச் சாய்ந்து, தண்ணீர் பலகைக்கடியில் பேசிக்கொண்டே போனபோது, எனக்கும் புதுச்சேரி வரை போகலாம் போலத்தான் இருந்தது.

திரும்ப வேண்டிய இடத்தில் பாயைத் தளர்த்திக் கொஞ்சம் நின்றோம். அதற்குள் குழந்தை இரண்டு மூன்று துணிகளை அசிங்கம் பண்ணிவிட்டாள். சின்ன வயதில் கால்வாய்ப் படகில் சரக்கோடு குடும்பமாகப் போகும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அழுக்குத் துணியைச் சாக்குப் பையில் போட்டு, கயிறு கட்டிப் பின்னால் விட்டுவிடுவார்கள். ஊர் போய்ச் சேர்வதற்குள் துணி தானே அலசிக்கொள்ளும். நானும் அப்படியே செய்தேன். பின்மூலையிலிருந்த கட்டையில் கயிற்றை முடிந்துவிட்டு, அதற்கு முன்னால் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். பிறகு மறந்தே போனேன்.

திரும்பும்போது எதிர்க்காற்று. இங்கும் அங்குமாகச் சாய்ந்து சாய்ந்து, காற்றை எதிர்த்து ஏற வேண்டும். அதுதான் படகுக்கு நிஜமான பரீட்சை என்று இவர் முன்பே சொல்லியிருந்தார். படகு ஏறவே இல்லை. மட்டை என்னிடம் வர ஒன்பது, பத்து ஆயிற்று. திருப்பப் போனால் பாதியில் நின்று, பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னா சார் இது, நேத்து குதிர மாரி போச்சு! பேனா புடிக்கிற மாரி புடிச்சினுகிறியா? கைய வுடு, நான் பாக்குறேன்."

அவர் பிடித்தும் அதே கதைதான். "அடியில பாசியும் இல்ல, முந்தாநாத்துதான் தேச்சேன். பேஜாரு புடிச்சிகீது இன்னிக்கு" என்று படகையே திட்டினார். மூன்றாவது தடவையும் திரும்பாமல் நின்றபோது இவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேணாம் அண்ணாத்த. காத்துக்கு ஏறாத படகை வெச்சிக்கிட்டு நான் எங்க போறது? அந்தப் புதுச்சேரிக்காரருக்கே குடுத்துடச் சொல்லுங்க."

கரை சேர்ந்தோம். அவர்கள் இருவரும் முன்னால் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சாமான்களை எடுக்கும்போது கயிறு கையில் தட்டியது. இழுத்தேன். வரவில்லை. குழந்தையைக் கீழே விட்டு, இரண்டு கையாலும் இழுத்தேன். வாயைப் பிளந்துகொண்டு, ஒரு குடம் தண்ணீரோடு சாக்கு மேலே வந்தது. அந்தக் கனத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தனை நேரமும் அந்தப் படகு என்னையும் என் சாக்கையும் இழுத்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

பத்தடி தூரத்தில் அவர் நின்றிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் துணிகளைப் பிழிந்து மடித்து மூட்டைக்குள் வைத்தேன். நான் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டதே என்று நெஞ்சு ஒரு பக்கம் ஆறுதல்பட்டது. இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டது. பஸ்ஸில் அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

நாலைந்து மாதம் கழித்து மாமல்லபுரம் போயிருந்தோம். கடற்கரைக் கோயில் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு வெள்ளைப் பாய் தெற்கு நோக்கிப் போயிற்று. காற்றும் தெற்கிலிருந்துதான் வந்தது. படகு ஒருபக்கம் சாயும், சட்டென்று திரும்பும், மறுபக்கம் சாயும். ஒரு தடவைகூட நிற்கவில்லை. "நம்ம படகு மாதிரியே இருக்கில்ல?" என்றார். "நம்ம" என்ற அந்தச் சொல்லைத் தாங்க முடியாமல், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பாய் மறையும்வரை பார்த்துவிட்டு, "அப்போ அது நல்லாத்தான் ஓடியிருக்கும், இல்ல?" என்று மட்டும் கேட்டார். கோபமே இல்லை. சந்தோஷம் மாதிரிகூட இருந்தது.

இன்றைக்கும் எப்போதாவது, சாப்பாட்டுக்கு நடுவில், "முதல்ல போட்டப்போ எத்தனை எண்ணினே?" என்பார். "நாலு" என்பேன். "நாலா!" என்று வியந்துவிட்டுச் சாப்பிடுவார்.

எனக்குப் பயமாக இருக்கிறது என்று அன்று வாய் திறந்து சொல்லியிருந்தால், எனக்காக அவரே அந்தப் படகை மனசார விட்டுக்கொடுத்திருப்பார். அந்த விட்டுக்கொடுத்தலைக்கூட அவருக்கு இல்லாமல் செய்துவிட்டேனே என்று, ஒவ்வொரு தடவை "நாலு" என்று சொல்லும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.